தட்டைத் தட்டிவிட்டவள்

"ஏண்டி, புருஷனைப் பட்டினி போட்டே கொல்லப் பாக்கறியா?"

விடிந்தும் விடியாததுமாக மாமியார் அடுப்படியில் நின்று ஆரம்பித்துவிட்டாள். பேச்சோடு பேச்சாக ஒரு வெண்ணெய்க் கட்டி வாணலியில் விழுந்தது. அதில் முட்டை பொரியும் வாசனை வீடு முழுக்கப் பரவியது. பக்கத்தில் நாத்தனாரும் தாளம் போட்டால் கேட்க வேண்டுமா!

"அண்ணன் எலும்பும் தோலுமா ஆயிட்டான். அண்ணி என்னடான்னா, ஏதோ மாவைக் கரைச்சு ஒரு டம்ளர் நீட்டுறாங்க. சிக்கனமாம்..."

மருமகள் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று புருஷன் சத்தியம் வாங்கியிருந்தான். பஸ் ஓட்டுகிற மனுஷன். குடலில் புண், ரத்தமாகப் போகிறது, சில நேரம் துணியிலேயே போய்விடுகிறது என்று யாரிடம் சொல்வான்? பெற்ற தாயிடம்கூட வெட்கம். லீவு போட்டதற்கு இடுப்புவலி என்று ஒரு பொய். குடல் ஆறும்வரை, கொழுப்பு ஏறக்குறைய இல்லாத அந்த மருந்துக்கடை மாவுக் கரைசல் மட்டும்தான் அவனுக்குச் சாப்பாடு. எண்ணெய், வெண்ணெய் உள்ளே போய்ப் புண் இன்னும் முற்றினால் குடலில் ஒரு பகுதியை வெட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

மாமியார் தட்டை மகன் முன்னால் வைத்தாள். "சாப்பிடுடா. என் கண்ணு முன்னால நீ சாப்பிடணும்!"

அவன் மனைவியைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்வதற்குப் பதில் தின்றே தொலைக்கலாம் என்று கை தட்டுக்குப் போனது!

அவள் பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டாள்.

"அடிப்பாவி! சாப்பாட்டையா தட்டிவிடறே? கிளம்புடி உங்கம்மா வீட்டுக்கு..."

அவமானத்தில் அவளுக்கு உடம்பே கூசியது. அதைவிட, அவன் வாயடைத்து உட்கார்ந்திருந்ததுதான் அவளைச் சுட்டது. சிதறியதைப் பொறுக்கக் குனிந்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்தான். "விடு. நான் பொறுக்கறேன்." தாய் பக்கம் திரும்பினான். "அம்மா... அவளைத் திட்டாதே. எனக்கு இடுப்புவலியெல்லாம் இல்ல. குடல்ல புண்ணும்மா. ரத்தமா போகுது, அடக்க முடியல. தினம் நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி என் துணியை அலசிப் போடறது இவதான். வெண்ணெயைத் தின்னா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். தெரிஞ்சேதான் கையை வெச்சேன்... உன்கிட்ட சொல்ல அவ்வளவு கூச்சம்!"

நாத்தனார் மெல்ல நகர்ந்து அடுப்பை அணைத்தாள். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். மருமகளை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"இன்னைக்கு அலச வேண்டிய துணி எங்கடி இருக்கு?"

"பின்னால பக்கெட்டுல... வேண்டாம் அத்தை, நான் பாத்துக்கறேன்."

"குடு. அவனுக்கு மொத மொதல்ல அலசினவ நான்தானே? என்கிட்ட அவனுக்கென்ன கூச்சம்... உன்கிட்ட எனக்குத்தாண்டி கூச்சம்!"

மருமகள் அவள் தோளில் சாய்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.