சூடு ஆறாத தட்டு

பழைய ஆஸ்பத்திரியின் நிலவறை வார்டை இடிக்கப்போகிறார்கள், அதற்கு முன் ஒரு படம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டதும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த வெளிச்சக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே இந்த வார்டால்தான். இருபது வருடங்களுக்கு முன், ஜன்னலே இல்லாத இந்த அறையில் நோயாளிகள் படுத்துக் கிடந்ததை அவர் எடுத்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அன்றைக்கேதான் அவர் மனைவி இங்கே எரிந்துபோனாள். அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மகளோடு படியிறங்கினார். அம்மா போனபோது அவளுக்கு நான்கு வயது. இப்போது ஸ்டூடியோவில் பாதி வேலை அவள் தலையில்தான். காமிராவை முக்காலியில் பொருத்தியபடியே கேட்டாள்.

"அம்மா இங்கதானேப்பா?"

"இங்கதான். உங்கம்மா ஒரு அவசரக்குடுக்கை. தட்டு ஆறுறதுக்குள்ள அடுத்த பொடியைக் கொட்டிட்டா. நான் என்னம்மா பண்ண முடியும்?"

இருபது வருடமாக இதே பதில்தான். உலகத்தில் அவரை நம்ப மிச்சமிருந்தது இந்த மகள் ஒருத்திதான். அவளும் நம்பாமல் போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் காலத்தில் ஃப்ளாஷ் என்றால் தகரத் தட்டில் மெக்னீசியப் பொடியைக் கொட்டிப் பற்றவைப்பதுதான். பளீரென்று ஒரு வெளிச்சம், பின்னாலேயே வெள்ளைப் புகை. படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் இருமிக்கொண்டே வீடு போவார்கள். பாதி மீசையை ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒருமுறை வெடித்த தட்டைத் துடைத்து, நன்றாக ஆறவிட்ட பிறகே அடுத்த பொடி. சூடான தட்டில் பொடி விழுந்தால் கொட்டுகிறவர் முகத்திலேயே வெடிக்கும். அவருக்குப் பொடி கொட்டித் தந்தது அவர் மனைவிதான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி பல்புக்குள்ளேயே எல்லாம் எரிந்து முடிகிறது. ஒரு பல்புக்கு ஒரு மின்னல், அவ்வளவுதான்.

வார்டு நீளமானது, ஒரு பல்பு எட்டாது. அதனால் விளக்கை அணைத்து, லென்ஸ் மூடியைத் திறந்தே வைத்துவிட்டு, இருட்டில் நடந்து ஐந்து இடங்களில் ஐந்து பல்பு அடிப்பது என்று முடிவு செய்தார். வெளிச்சம் பட்டது மட்டும்தான் காமிராவுக்குள் இருக்கும் கண்ணாடி பிளேட்டில் பதியும். கடைசியில் அவர் "மூடு" என்றதும் மகள் மூடியைப் போடவேண்டும்.

விளக்கு அணைந்தது.

"திற."

முதல் பல்பு. இரண்டு பக்கமும் துருப்பிடித்த கட்டில்கள், ஈரம் ஊறிய சுவர். வேறொன்றுமில்லை.

பல்பை மாற்றிக்கொண்டு சுவரைத் தடவியபடி நடந்தார். இரண்டாவது மின்னலில், கடைசிக் கட்டிலருகே யாரோ நின்றதுபோல் இருந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தால் இப்படித்தான் ஏதாவது மிதக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மூன்றாவது. அது நடுக்கட்டிலுக்கு வந்திருந்தது.

கையில் தட்டு.

பொடி கருகும் வாசனை மூக்கில் ஏறியது. இந்த வாசனையை அவர் முகர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஓடவேண்டும் என்று நினைத்தார். கைதான் நான்காவது பல்பைப் பொருத்திக்கொண்டிருந்தது.

நான்காவது. மூன்றடி தூரம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைச் சாம்பல்.

இத்தனை வருடம் அவர் மிதித்து மிதித்துப் புதைத்தது மேலே வந்தது. பேர் வாங்கித் தந்த அந்தப் படம் பொடி வெளிச்சத்தில் எடுத்ததல்ல. மனைவியின் புடவையில் பிடித்த தீயின் வெளிச்சத்தில் எடுத்தது. அவள் விழும்வரை அவர் லென்ஸை மூடவில்லை.

"மூடு" என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

இருட்டுக்குள் ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி, கெஞ்சியது.

"தட்டு சுடுதுங்க. கொஞ்சம் ஆறட்டுமே."

காமிரா பக்கம் மகள் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பதில் சொல்லிவிடக்கூடாது என்று அவர் பல்லைக் கடித்தார். ஆனால் அவர் வாயே பேசியது, இருபது வருடத்துக்கு முந்தைய அதே குரலில், அதே எரிச்சலோடு.

"ஆறுற வரைக்கும் எவன் காத்திருக்கிறது? போடுடி இன்னும் ஒண்ணு!"

ஐந்தாவது பல்பு அவர் முகத்தருகே தானாகவே வெடித்தது.

மூடு என்று யாரும் சொல்லவில்லை. மகளே மூடினாள்.

பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடித் துகள் இரண்டு கண்ணையும் வாங்கிவிட்டது என்றார் டாக்டர். கட்டோடு வீடு வந்த அன்று, பிளேட்டைக் கழுவிவிட்டு மகள் வந்து நின்றாள்.

"படம் எப்படிம்மா வந்திருக்கு?"

"ரெண்டு பேருமே நல்லா விழுந்திருக்கீங்க."

அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை.

"அவசரக்குடுக்கை யாருப்பா?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசியதில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், மருந்து வரும், குரல் மட்டும் வராது. அவருக்கு இருட்டு மட்டுமே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த இருட்டுக்குள் தினம் ஒரு மின்னல் அடித்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் தட்டோடு மனைவி ஒரு கட்டில் தூரம் நெருங்கி வந்தாள். "மூடு, மூடு" என்று அவர் அலறுவதை மகள் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையில் அலறல் இல்லை. மகள் உள்ளே போனாள். அவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். தலையணையெல்லாம் வெள்ளைச் சாம்பல். அந்த வீட்டுக்குள் பொடி வந்தே வருடக்கணக்காகிறது. போர்வையில், அவர் நெஞ்சுக்கு நேராக, தட்டளவுக்கு ஒரு கருகல்.

குனிந்து தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை.