முந்நூறாவது விடைத்தாள்

பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத்தான் ஸ்கேன் அறை ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. பகல் பதினொரு மணிக்கும் டியூப்லைட் போட்டால்தான் கை தெரியும். ஈரக் காகித வாடை மூக்கிலேயே உட்கார்ந்திருக்கும். மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டு ஓடிய அதே கல்லூரிக்கு, விடைத்தாள் ஸ்கேன் செய்யும் ஒப்பந்த ஆளாக அவன் திரும்பி வந்திருந்தான். வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவு ஒழுங்காகத் தாள் திருத்துமா என்று கல்லூரி சோதித்துப் பார்க்கிறது. பெயரை மறைத்து எண் ஒட்டிய முந்நூறு தாள்களை அவன் ஏற்ற வேண்டும். கருவி மதிப்பெண் போடும். முந்நூறும் முடிந்தால்தான் தேர்வு முடிவு வெளியே வரும். ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும்.

அதில் 217ஆம் தாள் அவன் தங்கையுடையது. அந்தச் சாய்ந்த கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? அவளுக்கு மிச்சமிருந்த ஒரே அரியர் அது. வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சியைக் காட்டாவிட்டால், கையில் கிடைத்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை எண்ணியபோது 299தான் இருந்தது. யாரோ ஒருவர் தேர்வுக்கே வரவில்லை. தேர்வுப் பிரிவு மேடத்துக்குப் போன் போட்டான்.

“முந்நூறுன்னு எழுதிக் குடுத்தாச்சு. பழைய கட்டுல இருந்து ஒண்ண உருவிப் போடேன். இதுக்கெல்லாமா என்னைக் கூப்பிடுவ?”

பின் அலமாரியில் இருந்ததிலேயே மெல்லிய தாளை உருவினான். ஆறே பக்கம், வேலை மிச்சம். கடைசி வரி பாதி வார்த்தையில் நின்று, பேனாக் கோடு பக்கத்தின் அடிவரை இழுபட்டிருந்தது. தூக்கத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவனும் அப்படி எழுதியவன்தான்.

செவ்வாய்க்கிழமை 299 தாள்களுக்கு நேராக ‘மதிப்பிட்டாயிற்று’ என்று வந்தது. முந்நூறுக்கு நேராக மட்டும்:

மதிப்பிட முடியாது. மாணவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கருவியை விற்ற கம்பெனியின் ஆளுக்கு ‘அப்டேட்’ என்று பட்டப்பெயர். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாதி வார்த்தைல நிக்குதுல்ல, அதான் குழம்பிடுச்சு. அடுத்த அப்டேட்ல சரியாயிடும் பாஸ்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா?”

“அது அடுத்த அப்டேட்ல தெரியும்.”

புதன்கிழமை திரை முந்நூறாவது தாளுக்கு ஆறு பக்கம் என்று காட்டியது. வியாழக்கிழமை காலை, ஏழு.

கட்டைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தான். அடிவரை இழுபட்ட கோடு பக்கம் தாண்டியிருந்தது. நின்ற வார்த்தை முழுசாகி, அதற்குப் பின் வரிவரியாக, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

கடைசி எழுத்தைத் தொட்டான்.

விரலில் நீலம் ஒட்டியது.

தாளோடு மேடத்தின் அறைக்கு ஓடினான். மேடம் அதைக் கையில் வாங்கவே இல்லை. கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“இதையா எடுத்த? இத்தனை இருக்க, இதையா?”

“யாருது மேடம்?”

மேடத்தின் குரல் இறங்கியது. “எட்டு வருஷம் ஆச்சு. அந்த ஹால்ல நான்தான் மேற்பார்வை. மணி அடிச்சும் அந்தப் பொண்ணு பேப்பரைக் குடுக்கல. ‘இன்னும் பத்து நிமிஷம் மேடம்’னா. கை இழுத்துக்கிட்டே இருந்துச்சு. நடிப்புன்னு நெனச்சு, வெடுக்குன்னு பிடுங்கிட்டேன்.”

“அப்புறம்?”

“வலிப்பு. பெஞ்சுலயே போயிட்டா.”

விரலில் ஒட்டிய நீலத்தை அவன் சட்டையில் துடைத்தான்.

“எழுதி முடிக்கட்டும்னு விட்டுடலாமா மேடம்?”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. தங்கச்சி ரிசல்ட்டு ரிசல்ட்டுன்னு என் உயிரை எடுத்தது நீதானே?” அவர் தாளைப் பார்க்காமலே சொன்னார். “‘திரும்பப் பெறு’ன்னு ஒரு பட்டன் இருக்கு, எழுதினவரைக்கும் போதும்னு தாளை வாங்கிக்கும். நீயே வாங்கிடு. என்னால இன்னொரு தடவை முடியாது.”

அறைக்கு வந்து தாளை ஸ்கேனரில் போட்டு மூடியை இறக்கினான். மூடிக்குள்ளிருந்து கேட்டது. மெல்லிய கீறல். பேனா முள் காகிதத்தில் ஓடும் சத்தம். அன்று பகல் முழுக்க ஓயவில்லை. பட்டனை அழுத்தாமலே, காதில் விரலை விட்டுக்கொண்டு சாயங்காலம் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. பதினோராவது பக்கம். அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். பயம் இருந்தது. தங்கையின் வேலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

பட்டனை அழுத்தினான். திரை கேட்டது:

மாணவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். பிடுங்கவா?

மூடிக்குள் கீறல் வேகமெடுத்தது. எழுதவில்லை, பிறாண்டியது.

ஆம்.

சத்தம் நின்றது.

பட்டியல் மளமளவென்று விரிந்தது. 300: தோல்வி. அதை அவன் தாண்டிப் போனான். மேலே, மேலே, 217.

மதிப்பிட முடியாது. மாணவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுத்தாள்.

“அவ எங்கம்மா?”

“இங்கதான்டா, மேசை முன்னாடி. இப்பத்தான் பேசிட்டே இருந்தா, திடீர்னு உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டா. கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்கிறா.”

“என்ன எழுதுறா?”

“அதான்டா தெரியல.” அம்மாவின் குரல் உடைந்தது. “கையில பேனாவே இல்ல. நகத்தால எழுதுறா.”

போனில் அது கேட்டது. மரத்தில் கீறல்.

“அவகிட்ட குடும்மா.”

போன் கைமாறியது. தங்கையின் குரல்தான். ஆனால் அண்ணா என்று கூப்பிடவில்லை.

“இன்னும் பத்து நிமிஷம் மேடம்.”

“நான் அண்ணன்டி!” என்று கத்தினான். அதற்குள் அம்மா போனை வாங்கியிருந்தாள். “விரலெல்லாம் ரத்தம்டா! கையைப் பிடிச்சு நிறுத்திடுறேன்!”

“வேணாம்மா! தொடாத! எழுதட்டும், விட்டுடு!”

“எப்படிடா விடுறது?” போனை எங்கோ வைக்கும் சத்தம். “போதும்மா, குடு. கையைக் குடு.”

கீறல் நின்றது.

அம்மா தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

ஸ்கேன் அறையில், மூடிக்குக் கீழே, பேனா திரும்பவும் ஓட ஆரம்பித்தது.