அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

எழிலன் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாதியைக் காய்ச்சினான். மீதியை உள்ளே எடுத்து வைக்கவில்லை. நேற்றுப் போட்ட சட்டையையே மாட்டினான்; கழற்றினான்; வேறொன்று போட்டுக்கொண்டான். செருப்பு மாட்டிய பிறகு இரண்டு முறை வீட்டுக்குள் போய்ப் போய் வந்தான். எதையும் மறந்திருக்கவில்லை. இன்று நீதிமன்றத்தில் அவன் மனைவி தமயந்தி சாட்சி சொல்லப் போகிறாள். அவள் இறந்தது போன மழைக்காலத்தில்.

மீள்சாட்சி வந்த பிறகு இதற்கெல்லாம் யாரும் வியப்பதில்லை. இறந்தவர் விட்டுப்போன குரல் செய்திகளையும் காணொளிகளையும் படித்து, இயந்திரம் அவர் பேச்சையும் போக்கையும் திரும்பக் கட்டிவிடும். சாகும் தறுவாயில் சொல்லும் வாக்குமூலத்துக்குச் சட்டம் என்றைக்கும் தனி மதிப்புக் கொடுத்து வந்தது. செத்த பிறகு சொல்வதற்கு இப்போது அதைவிட ஒரு படி மேல். வழக்கு ஜெயித்தால் மீள்சாட்சி குடும்பத்துக்கு. சாட்சியம் தள்ளுபடியானால் அழித்துவிடுவார்கள். அவளை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் எழிலன் அவள் குரல் இருந்த அத்தனையையும் எடுத்துக் கொடுத்திருந்தான்.

"உக்காருங்க தம்பி. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார், நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த அரசு வழக்கறிஞர் திலகவதி. "உங்களுக்கு ஒரே வேலை. 'இது என் மனைவிதான்'னு சொல்லிட்டுக் கூண்ட விட்டு இறங்கிடுங்க."

எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார் குற்றம் சாட்டப்பட்ட லாரி ஓட்டுநர் பொன்னுரங்கம். தண்டனை விழுந்தால் ஏழு வருடம்.

"ஏனுங்க வக்கீலய்யா, செத்தவங்களக் குறுக்கு விசாரணை பண்ணலாமுங்களா?"

"பண்ணலாம். ஆனா அவங்க அழுதா நாம தோத்தோம்" என்றார் அவருடைய வக்கீல் இஸ்மாயில்.

டவாலி பெயரைக் கூப்பிட்டார். சாட்சிக் கூண்டுக்குள் இருந்த கண்ணாடித் தூணில் தமயந்தி தெரிந்தாள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். எழிலன் தன்னையறியாமல் எழுந்து நின்றான். டவாலி கையமர்த்தினார்.

"என்ன நடந்துச்சும்மா?" என்று கேட்டார் திலகவதி.

"சிக்னல்ல எனக்குப் பச்ச உழுந்துச்சுங்க. வண்டிய எடுத்தேன். லாரி அதிவேகமாவும் அஜாக்கிரதையாவும் வந்து மோதிருச்சுங்க."

எழிலனின் கால் ஆட்டம் நின்றது. குரல் அவளுடையதுதான். அந்த 'ங்க' அவளுடையதுதான். ஆனால் அஜாக்கிரதை? தெருவில் ஓடும் பிள்ளைகளிடம் 'பாத்துப் போ சாமி' என்பவள் அவள்.

திலகவதி இருக்கைக்குத் திரும்பியதும் மெல்லக் கேட்டான். "அந்த வார்த்த எங்கிருந்து வந்துச்சு மேடம்?"

"குற்றப்பத்திரிகையிலிருந்து. செத்த நிமிஷம் எந்தக் குரல் செய்தியில இருக்கும், சொல்லுங்க? அதனால குற்றப்பத்திரிகையப் படிச்சுக் காட்டித்தான் கூண்டேத்தறது."

"எல்லா மீள்சாட்சிக்குமா?"

"பின்ன? நடந்தது தெரியாம எப்படிச் சாட்சி சொல்லுவாங்க?" திலகவதி கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

அன்று அந்தச் சிக்னலில் நின்றபடி தமயந்தி அவனை அழைத்திருந்தாள். அரை நிமிடப் பேச்சு. எங்கும் பதிவாகவில்லை. போலீஸ் அழைப்பின் நேரத்தைக் குறித்துக்கொண்டது. என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது அவனுக்கே தெரியாது.

அவன் முறை வந்தது. தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"இது உங்க மனைவிதானே?"

"உருவம் அவதான். குரலும் அவதான்." கம்பியைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். "பேசறது குற்றப்பத்திரிகை. அவளுக்குப் பச்சை விழல."

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். திலகவதியின் முகம் இறுகியது.

"யுவர் ஆனர், இவரப் பிறழ்சாட்சியா அறிவிக்கணும்." தூண் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. போன்ல இவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"பச்ச உழுந்துருச்சு, வெக்கறேன்னு சொன்னனுங்க." தமயந்தி எழிலனைப் பார்த்தாள். "ஏனுங்க இப்படிப் பொய் சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை மட்டும் அவளே கேட்ட மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ 'த்சு' கொட்டினார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இறந்தவர் சொல்லும் உயிரோட இருக்கிறவர் சொல்லும் முரண்பட்டா, சட்டம் இறந்தவரத்தான் நம்பும். பொய்ச்சாட்சின்னு உங்க மேலயே வழக்குப் பாயும். இப்ப இறங்கிட்டா எதுவும் பதிவாகாது. போறீங்களா?"

"இல்லீங்க."

"நீங்க சொல்லியும் அந்த டிரைவர் உள்ள போகலாம். அப்பவும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"அப்ப அவங்க சொன்னத வார்த்த மாறாமச் சொல்லுங்க. பதிவாகட்டும்."

கண்ணாடிக்குள் தமயந்தியும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவளுக்கும் அது தெரியாது.

எழிலன் சொன்னான்:

"இன்னும் செவப்புதான் எரியுது. ரோட்டுல ஈ காக்காயக் காணோம், நான் பாட்டுக்குப் போயிர்றேன். நீங்க அரிசியக் களஞ்சு வெச்சுருங்க, வந்து ஒல வெக்கறேன்."