கறுப்பு டேப்

பள்ளி வாரிய இயக்குநர் பெவர்லி சுற்றி வளைக்கவில்லை. அடுத்த வாரம் வின்னிபெக் பள்ளிகள் திறக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய லேப்டாப்கள் எல்லாம் உயிரில்லாமல் கிடங்கில் அடுக்கிக் கிடக்கின்றன. கெடுத்தவள் லோர்னா என்ற தொழில்நுட்பப் பணியாளர். அவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, இன்று மாலை வேலையும் போகப்போகிறது. பழுதை மட்டும் சரிசெய்து கொடுத்தால் போதும் என்றார்.

“பழுது தானா வந்து உட்காராது. யார் வச்சாங்கன்னும் பார்த்துடறேன்,” என்றார் ஆர்டிஸ். பழுதைப் பார்க்க வாரியம் வெளியிலிருந்து அழைத்த கணினி நிபுணர், அவசரம் என்பதே தெரியாத பெண்மணி. உதவியாளன் வெண்டல் நேர்மாறு. குற்றவாளி யார் என்று காரிலேயே மூன்று முறை முடிவு செய்திருந்தான்.

லோர்னாவின் மேலதிகாரி க்ளென் காபியோடு வரவேற்றார். உடைந்த கைப்பிடியைக் கறுப்புத் துணி டேப்பால் சுற்றி ஒட்டிய கோப்பை அது. லோர்னா வேலை செய்யும் அறைக்குள் தான் காலே வைத்ததில்லை என்றார். லோர்னாவைக் கேட்டால் வாயே திறக்கவில்லை, தப்பு செய்தவர்கள் அப்படித்தான் என்று வருத்தமாகத் தலையசைத்தார். வெண்டலுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பெவர்லி பூட்டி வைக்கச் சொல்லியிருந்த அந்த அறையைத் திறந்தார்கள். உள்ளே மூலக் கணினி. தேவையான எல்லாவற்றையும் இந்த ஒன்றில் நிறுவி, இதன் சொந்த அடையாளத்தை அழித்து முத்திரை வைத்தால், இதன் நகலை மற்ற எல்லாவற்றிலும் இறக்கலாம். முத்திரைதான் விழ மறுத்தது. ஒரு விளையாட்டு ஒரே ஒரு பயனர் கணக்கில் மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, எல்லோருக்கும் பொதுவாக இல்லை, அதனால் முடியாது என்று கணினியே காரணத்தைப் பதிந்து வைத்திருந்தது. நிறுவிய தேதியும் அதிலேயே இருந்தது.

“இணையம் இல்லாம விளையாட்டு எப்படி வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு ஆர்டிஸ் கணினியின் பின்புறத்தைக் காட்டினார். யாரும் இணையக் கேபிள் செருகிவிடக் கூடாது என்று லோர்னா எல்லா மூலக் கணினிகளிலும் அந்தத் துளையைச் சிவப்பு பிளாஸ்டிக் டேப்பால் மூடுவாளாம். அலமாரியில் இருந்த பழையவற்றிலெல்லாம் சிவப்பு. இதில் மட்டும் கறுப்பு, அதுவும் துணி.

“ஹாக்கி மட்டைக்குச் சுத்தற டேப்,” என்றான் வெண்டல். பல வருஷம் கோல்கீப்பராக நின்றவன். சொன்ன பிறகுதான் காபிக் கோப்பை நினைவுக்கு வந்தது, முகம் சுருங்கிப்போனது.

ஆர்டிஸ் லோர்னாவையும் வரவழைத்து, நால்வர் முன்னிலையில் டேப்பைப் பற்றிச் சொன்னார். க்ளென் சிரித்தார்.

“இந்த ஊர்ல அந்த டேப் இல்லாத வீடு ஏதுங்க?”

“உண்மைதான். ஆனா இந்த அறைச் சாவி லோர்னா, நீங்க, ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. விளையாட்டு வந்த அன்னைக்கு லோர்னா கெனோரா ஊர்ல தன் அம்மாவை அடக்கம் பண்ணிட்டிருந்தாங்க. லீவு குடுத்ததே நீங்கதான், க்ளென்.”

க்ளென் கோப்பையைக் கீழே வைத்தார்.

“திரும்பி வந்ததும் என் டேப்பை யாரோ பிரிச்சிருக்காங்கன்னு இவர்கிட்டதான் சொன்னேன்,” என்றாள் லோர்னா. “கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடறேன்னும் சொன்னேன். உன் கோட்டை எடுத்துட்டு வீட்டுக்குப் போன்னாரு.”

பெவர்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். “பள்ளி திறக்கற நேரம், க்ளென் இல்லாம சமாளிக்க முடியாது. நீ திரும்பி வந்துடு லோர்னா. அவருக்குக் கீழேயே, பழையபடி. நடந்ததை இந்த அறையோட விட்டுடுவோம்.”

குற்றவாளி பிடிபட்டால் அவனுக்குத்தான் தண்டனை என்று வெண்டல் அதுவரை நம்பியிருந்தான்.

லோர்னா கணினி முன் உட்கார்ந்தாள். அந்த விளையாட்டை நீக்கினாள். மறுபடி கட்டளை கொடுத்தாள். முத்திரை விழுந்தது, கணினி அடங்கியது. க்ளென் வீட்டுக்கு அனுப்பியபோது அவள் கேட்ட கொஞ்ச நேரம் இவ்வளவுதான்.

“பிள்ளைங்க என்ன பாவம் பண்ணினாங்க,” என்று எழுந்தாள். கறுப்பு டேப்பை உரித்துக் க்ளெனின் கோப்பைக்கு அருகில் ஒட்டினாள். தன் சாவியைப் பெவர்லி முன் வைத்தாள். அலமாரியில் இருந்த சிவப்பு டேப் உருளையை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.