தாழைத்துறைக் கிணற்றின் ஒற்றைத் திறப்பு

புதன்கிழமை, காலை 5.20.

கிணற்றுக் காவலாளி இரத்தினம் திறப்பைப் போட்டுக் கிணற்றறையின் பூட்டைத் திறந்து டோர்ச்சை உள்ளே அடித்தார். தண்ணீர் தெரியவில்லை. மீன்கள்தான் தெரிந்தன. கொசுப் புழுக்களான நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகத் தாழைத்துறைப் பிரதேச சபை விட்டிருந்த மீன்கள், இருநூறுக்கு மேல், வயிறு வெளுத்து மிதந்தன. சுற்றிலும் சவர்க்காரம் கரைத்தது போல நுரை.

மோட்டார் நாலரைக்கே தானாக ஓடத் தொடங்கியிருந்தது. சுபஹுத் தொழுகைக்கு ஊர் எழும்பும் நேரம் அது. எண்ணூறு வீடுகளுக்குத் தண்ணீர் போய்விட்டது.

இரத்தினம் மோட்டாரை நிறுத்திவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் றஊபுக்குப் போன் எடுத்தார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. "மீன்... மீன்..." என்று மட்டும் வந்தது.

5.35.

போனை வைத்த றஊபின் கண் சமையலறை மேசையில் நின்றது. நான்கு வயது அஸ்னா குடித்து முடித்த கிளாஸ்.

"எந்தத் தண்ணி குடுத்த?"

"பைப் தண்ணிதான். ஏன்?" என்றாள் மனைவி நுஸ்ரா.

"கேள்வி கேக்காம பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

நீர், நுளம்பு, கடைச் சாப்பாடு என்று பதினோரு வருடம் மற்றவர்களைப் பயமுறுத்திய மனிதர், அன்று செருப்புக்கூடப் போடாமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிணற்றடிக்குப் போனார்.

6.40.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பைப் தண்ணீரைத் தொடவேண்டாம் என்று நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் நூறு பேர். பூட்டு உடைபடவில்லை. சுவர் கொங்கிறீற்று. காற்றோட்டத் துவாரங்களில் நுளம்பு வலை, ஒரு கிழிசல் இல்லை. ஊரிலேயே ஒரே ஒரு திறப்பு, அதுவும் இரத்தினத்தின் இடுப்புக் கயிற்றில்.

"திறப்பு அவன்ட இடுப்பில. வேற யாரு?" என்றது ஒரு குரல்.

"உடப்புக்காரனுக்கு நம்மட பிள்ளையளப் பத்தி என்ன கவலை?" என்றது இன்னொன்று. தாழைத்துறை முஸ்லிம் ஊர்; இரத்தினம் உடப்பு என்ற தமிழ் ஊரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்.

சார்ஜன்ட் இரத்தினத்தை ஜீப்பில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். காவலுக்கா கைதுக்கா என்று அவரும் சொல்லவில்லை. றஊபின் குடும்பம் தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தது. கூட்டம் ஒரு ஆளை நோக்கி விரல் நீட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட கதையல்ல. ஜீப்பில் ஏறி எதிரே உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப மீனைப் பாத்தீங்க, இரத்தினம் அண்ணன்?"

"நேத்து ஆறு மணிக்கு, மாத்தயா. பூட்ட முந்தி தவிடு போட்டேன். வந்து தின்டிச்சு."

"எல்லாம் உயிரோட?"

"ஓம். கொஞ்சம் சோர்வு. வழமையாத் துள்ளும், நேத்துத் துள்ளல்ல."

"நேற்று வேற ஆர் உள்ள வந்த?"

"ரெண்டு மணிக்கு சபை ஆக்கள். தவிசாளர் அம்மா, டெக்னிக்கல் ஒஃபிசர், ஃபைஸல் மெம்பர். ஊர்த் திட்டத்துக்குக் கிணத்தப் பாக்க வந்தாங்க. இளநீர் பறிச்சுக் குடுத்தேன்."

"இளநீர் கேட்டது ஆர்?"

"மெம்பர்." இரத்தினம் ஜீப் கண்ணாடி வழியே கூட்டத்தைப் பார்த்தார். "என்னைய இந்த ஊர் அடிச்சே கொன்று போடும். எனக்குப் பயமா இருக்குது, மாத்தயா."

றஊபுக்கும் பயம்தான். அவர் ஜீப்பை விட்டிறங்கி, கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் அள்ளி, வெளிச்சத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். இரண்டு மீன்கள் செத்துக் கிடந்தன. அவற்றின் நடுவே, சபை மீன் பிடித்த குளத்திலிருந்து மீனோடு சேர்ந்து வந்த விரல்நகமளவு இறால்கள் சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன. கால் மணித்தியாலம் பார்த்தார். ஒன்றுகூடச் சாகவில்லை.

நுஸ்ராவுக்குப் போன் எடுத்தார்.

"டொக்டர் பாத்துக்கிட்டு இரிக்கிறார். பிள்ளை ஊஞ்சல் கேக்குது" என்றாள்.

றஊப் வாளியை மூடிவைத்துவிட்டு, சபை கூடும் நேரத்துக்கு மண்டபத்துக்குப் போனார்.

10.00. பிரதேச சபை மண்டபம்.

அன்று பத்து வருட அபிவிருத்தித் திட்டத்துக்கு வாக்கெடுப்பு. கிணற்றைச் சுற்றி ஐந்நூறு மீற்றருக்குள் இறால் குளம் வெட்டக்கூடாது என்று திட்டத்தில் இருந்தது. முந்தல் ஊரில் இறால் பண்ணை வைத்திருக்கும் உறுப்பினர் ஃபைஸல், அந்த ஐந்நூறு மீற்றருக்குள் தென்னங்காணி ஒன்று வாங்கியது ஊருக்கே தெரியும்.

திட்டத்தில் திருத்தம் கேட்கும் உறுப்பினர், முதல்நாள் மாலை நாலேகாலுக்கு அலுவலகம் மூடுவதற்குள் பிரேரணையைக் கொடுத்துவிட வேண்டும். சபையின் பழைய விதி அது. வந்திருந்தது ஒன்றே ஒன்று. கூட்டத்தை நடத்திய தவிசாளர் றுஷ்னா தலையசைக்க, எழுதுனர் றிஸ்மினா வாசித்தாள்.

"கிணற்றில் மீன்கள் யாவும் இறந்து மிதப்பதாலும், அந்நீர் மக்கள் பாவனைக்கு உதவாததாலும், அதனை நிரந்தரமாக மூடி, பாதுகாப்பு எல்லையைத் திட்டத்திலிருந்து நீக்குமாறு கௌரவ உறுப்பினர் ஃபைஸல்..."

"மூடுங்க!" என்றது மண்டபம். விவாதம் இல்லை. காலையில் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கைகள் உயரத் தொடங்கின.

"ஒரு நிமிசம், மேடம்."

பின்வரிசையில் றஊப் எழுந்து நின்றார். அவர் சபையில் பேச உரிமை இல்லாதவர். றுஷ்னா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "கதைங்க" என்றார்.

"றிஸ்மினா, கடிதத்தில முத்திரை என்ன திகதி?"

"நேற்று, சேர்."

"எத்தனை மணி?"

"மூன்றே முக்கால். மெம்பரே கொண்டு வந்து தந்த. நான் வாசிக்கல்ல, முத்திரை குத்தி பிரேரணைக் கோவைக்குள்ள போட்ட."

றஊப் ஃபைஸலின் பக்கம் திரும்பினார்.

"நேற்று ஆறு மணிக்குத் தவிடு தின்ட மீன், மூன்றே முக்காலுக்குச் செத்து மிதக்குது எண்டு எப்படி எழுதினீங்க, ஃபைஸல் நானா?"

ஃபைஸல் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பழி போடாதே. இரத்தினம் பொய் சொல்றான்" என்றார் ஃபைஸல்.

"அப்ப நேற்று மத்தியானமே செத்த மீனைக் கண்டீங்களா? கண்டிருந்தா, எண்ணூறு வீட்டுக்குத் தண்ணி போக ஏன் விட்டீங்க?"

றஊப் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு நடந்து வந்தார்.

"நான் சொல்றேன். இறால் குஞ்சு விட முந்தி, குளத்தில மிச்சம் கிடக்கிற மீனைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்குத் தூள் போடுவாங்க. தண்ணி நுரைக்கும். மீன் சாகும், இறாலுக்கு ஒண்டும் ஆகாது. இண்டைக்குக் கிணத்தில இறால் உயிரோட இரிக்கு. உவர்த் தண்ணியில அந்தத் தூள் ஒரு மணித்தியாலத்தில வேலையக் காட்டும். நல்ல தண்ணியில மெல்ல, ஆறுதலாத்தான் காட்டும். ரெண்டு மணிக்குப் போட்டா மூணு மணிக்குச் செத்திரும் எண்டு உங்கட பண்ணைக் கணக்கில நினைச்சீங்க. நாலேகாலுக்கு அலுவலகம் மூடுமே, அதால கடிதத்தையும் குடுத்திட்டீங்க. ஆனா மீன் ராத்திரிதான் செத்திச்சு. அதாலதான் பழி திறப்பு வச்சிருந்த ஆள்ட தலையில விழுந்திச்சு."

"இளநீர் பறிக்க அனுப்பினது..." என்று றுஷ்னா மெல்லச் சொன்னார். "நானும் ஒஃபிசரும் வெளிய வரைபடத்தை விரிச்சிக்கிட்டு நின்ட. ஓம். அஞ்சு நிமிசம் இவர் தனியத்தான் உள்ள இருந்தார்."

ஃபைஸல் கதிரையில் சரிந்தார். குரல் தாழ்ந்தது.

"அந்தத் தூளால மனிசன் சாகமாட்டான், றஊப். பண்ணையில செத்த மீனைக் கறியாக்கித் திங்கிறவங்க இரிக்கிறாங்க. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது எண்டு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்" என்றார் றஊப். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது குரலில் உடைந்தது. "என்ட மகள் குடிச்ச கிளாஸைப் பாத்துக்கிட்டு நின்ட எனக்குத் தெரியாது."

வாசலில் நின்ற சார்ஜன்ட் வந்து ஃபைஸலின் தோளில் கை வைத்தார்.

12.10.

ஜீப்பின் கதவைத் திறந்தவர் றஊப்தான். சார்ஜன்ட் வாங்கி வைத்திருந்த திறப்பை அவர் நீட்ட, இரத்தினம் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இன்னும் ஒண்டு வெட்டச் சொல்லுங்க, மாத்தயா. ஒண்டு சபையில இருக்கட்டும்."

"உங்க மேல ஒரு குற்றமும் இல்ல எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு, அண்ணன்."

"இண்டைக்குத் தெரிஞ்சுது. நீங்க இறாலைப் பாத்ததால."

வெளியே அதே கூட்டம் நின்றது. காலையில் கத்தியவர்களில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "குறை நினைக்காதீங்க" என்றார். இரத்தினம் போத்தலை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி றஊபின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"பஸ் நிலையம் வரைக்கும் நீங்க முன்னுக்கு நடங்க, மாத்தயா" என்றார்.