கிள்ளாத மீன்

பேருந்திலிருந்து பூட்டுக்காரர் இறங்கியபோது உச்சி வெயில். தெருமுனையிலேயே ஏரி, தகரத்தை விரித்ததுபோல அசையாமல் கிடந்தது. நல்ல சாப்பாடு எங்கே என்று வண்டிக்காரனிடம் கேட்டார்.

“பட்டினி கிடக்கத்தான் இந்த ஊர்ல இடம் தேடணும், பெரியவரே,” என்றான். கரையில் வரிசையாக மூன்று கடைகளைக் காட்டினான். மூன்றிலும் காலையில் பிடித்த மீன்தானாம். அவர் நம்பவில்லை. ஊரார் பூட்டைத் திறந்தே கிழடானவர், யாரையும் நம்பியதில்லை.

பெண்டாட்டி சமைத்ததைக்கூட, அவள் ஓரத்தில் கிள்ளித் தின்று, உப்பு இருக்கு, சாப்பிடுங்க என்று சொன்ன பிறகுதான் தொடுவார். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான். போன மாசம் யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்ததும், வழக்கம்போல, “நீ முதல்ல,” என்றார். அவள் தின்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அவருக்கு அழுகை வரவில்லை. நாக்கும் மரத்துப்போனது. வீட்டில் தட்டில் எதைப் போட்டாலும், கை கழுவித் திரும்புவதற்குள் ஒரு ஓரம் குறைந்திருக்கும். எலி என்று பொறி வைத்தார். கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. யாரும் கிள்ளாத ஒரு தட்டுச் சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான். அவள் கால் படாத ஊர் என்றுதான் இங்கே வந்தார்.

முதல் கடையில் வந்த வறுத்த மீனில் வாலோரம் ஒரு கிள்ளு குறைந்திருந்தது. சமையல்காரனைத் திட்டிவிட்டு எழுந்தார். இரண்டாம் கடையில் அடுப்படி வாசலிலேயே நின்றார். வாணலியிலிருந்து முழுதாக எடுத்ததைக் கண்ணால் பார்த்து, தட்டைத் தானே சுமந்துவந்து மேசையில் வைத்தார்.

ஓரம் இல்லை.

மூன்றாம் கடை தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றது. பலகை இடுக்கில் பாசி நாற்றம். பரிமாறுகிற பெண் மீனை வைத்துவிட்டு இரண்டு குவளைகளில் தண்ணீர் ஊற்றினாள். தான் ஒரு ஆள்தான் என்றார். அவள் எதிர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மீன் முழுசாக இருந்தது.

புரட்டிப் பார்த்தார். முழுசு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் தின்ன ஒரே ஒரு தடவை கூட்டிப்போங்க என்று அவள் கெஞ்சிய ஊர் இதுதான். கடைச் சாப்பாட்டை எவன் நம்புவான் என்று தட்டிக்கழித்தவர் அவர்தான்.

எதிர் நாற்காலி பலகையில் உரசியது.

ஆஸ்பத்திரி மருந்து வாடை.

“இந்தத் தடவை நீங்க முதல்ல.”

காதோரம்தான் கேட்டது. ஓடலாம். ஓடவில்லை. பயமா என்று யோசித்துப் பார்த்தார், அதுவும் தெரியவில்லை. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். வைக்கோலை மென்றதுபோல இருந்தது. எதிரே யாரோ காத்திருந்தார்கள்.

“உப்பு இருக்கு,” என்றார். “சாப்பிடு.”

மீன் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் முள்தான் மிஞ்சியது. எதிர்க் குவளையில் தண்ணீர் பாதியாகியிருந்தது.

பரிமாறுகிற பெண் வந்து இன்னொரு தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“அம்மா இன்னொண்ணு கேட்டாங்க.”

அதையும் யாரும் கிள்ளியிருக்கவில்லை.