பைக்குள் போன பூண்டுச் சாறு

ஷாஹிராவின் அத்தா மீரா சாகிப் யாருக்கும் பயப்பட மாட்டார், கிளினிக் டாக்டரைத் தவிர.

போன வருடம் அவர் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்துவிட்டது. அன்றிலிருந்து, மறுபடி உறையாமலிருக்க தினமும் மாத்திரை போடுகிறார்.

லெபோ சூலியா தெருவில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே வரும் காதர் அண்ணன் ஒரு பாட்டிலை நீட்டினார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் சேர்த்துக் காய்ச்சிய சாறு.

"அடைப்பெல்லாம் கரைஞ்சிடும்லா!"

தினம் இரண்டு கரண்டி என்றுதான் அவர் சொன்னார். அத்தா நான்கு கரண்டி குடித்தார். சீக்கிரம் கரையட்டுமே!

பத்தாம் நாள், அத்தா பல் துலக்கிய தொட்டியில் சிவப்பாக இருந்தது.

"அத்தா, ரத்தம்!"

"பிரஷ் குத்திருச்சு."

"நேத்தும் வந்துச்சே. டாக்டர்கிட்ட சாறு பத்திச் சொல்லுவோமா?"

"அய்யோ, ஏசுவாங்க! நீ வாயத் திறக்கக் கூடாது, சரியா?"

"சரி" என்றாள் ஷாஹிரா. அவள் சொன்ன சொல் தவற மாட்டாள்.

மறுநாள் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ரூபினி அக்கா வழக்கம்போலக் கேட்டார். "மிச்ச மருந்துப் பைய காட்டுங்க, அங்கிள்."

அத்தா பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளோடு பூண்டுச் சாறு பாட்டிலும் உருண்டு வந்தது. மூடி லேசாகக் கசிந்திருந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள்.

அத்தா மகளை முறைத்தார். சொன்னபடி அவள் வாயைத் திறக்கவில்லை; பாட்டிலைப் பைக்குள் வைத்தது மட்டும் அவள்தான்.

"எவ்வளவு குடிக்கிறீங்க?"

"நாலு கரண்டி" என்றார் அத்தா, தரையைப் பார்த்துக்கொண்டு. பல் துலக்கும்போது இரத்தம் வருவதையும் சொன்னார்.

ரூபினி அக்கா ஏசவில்லை. விரலில் குத்திச் சோதிக்க ஏற்பாடு செய்தார். அத்தாவின் இரத்தம் உறைய அதிக நேரம் எடுத்தது.

"பூண்டு ரத்த அழுத்தத்தக் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆய்வுல சொல்றாங்க. அடைப்பக் கரைக்கும்னு யாரும் நிரூபிக்கல. உங்க மாத்திரையோட இவ்வளவு சாறு சேர்ந்தா, ரத்தம் வந்தா லேசுல நிக்காது, அங்கிள். நல்லவேளை, கொண்டு வந்தீங்க."

"அப்போ சால்னாவுல பூண்டு?"

"அது எப்பவும்போல போடுங்க."

டாக்டரும் பார்த்தார். சாறு நின்றது, சில நாளில் இரத்தமும் நின்றது.

அடுத்த மாதம் கிளினிக்குக்குக் கிளம்பும்போது மருந்துப் பை கனத்தது. ஷாஹிரா எட்டிப் பார்த்தாள். கருஞ்சீரக எண்ணெய், மூடி திறக்காத புது பாட்டில்!

"மாக் மண்டின் ஊர்ல இருக்குற மச்சான் கொடுத்தாரு" என்றார் அத்தா. "நீ வாயத் திறக்காதே. இந்தத் தடவ நானே கேக்குறேன்."